விழுப்புரத்துப் படகின் பலகைகள்

ஆரோக்கியசெல்விக்கு வேலையில் சுத்தம் கொஞ்சம் அதிகம். அதுவே வினையாகிவிட்டது. படகின் கேபினிலிருந்து கழற்றி வந்த பதினொரு தேக்குப் பலகைகளையும் முன்பக்கம் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மூன்று தரம் வார்னிஷ் அடித்ததோடு விட்டிருக்கலாம். பின்பக்கத்தையும் தேய்த்துத் துடைத்தாள். எது எந்த இடத்துக்கு என்று படகின் சொந்தக்காரர் அரங்கநாதன் சாக்பீஸில் எழுதிவைத்த எண்கள் அத்தோடு போயின. திண்டிவனத்துப் பட்டறையில் பலகைகளைச் சாக்கில் சுற்றி டெம்போவில் ஏற்றும்போதுதான் அவளுக்கே உறைத்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது, உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். வேறொன்றும் தோன்றவில்லை.

அரங்கநாதன் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, லாரியில் கொண்டுவந்து, விழுப்புரம் வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார். தினமும் காலையில் பேப்பரோடு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் மனைவி பிரபாவதிக்கு அதைக் கண்டாலே ஆகாது. துணி காயப்போடும் இடம் போச்சு என்று தெருவெல்லாம் சொல்லிவந்தார். பலகை எடுக்க வந்த முதல் நாளே செல்வியிடமும் சொல்லியிருந்தார்.

எண் அழிந்த கதையைக் கேட்டதும் அரங்கநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இருவருமாகப் படகுக்குள் பலகைகளைப் பரப்பினார்கள். ஐந்துக்கு வடிவத்தைப் பார்த்தே இடம் தெரிந்தது. மீதி ஆறும் இரண்டு பக்க இருக்கைகளின் முதுகுச் சாய்மானம். எல்லாம் ஒன்றுபோலிருந்தாலும் படகின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொன்றும் நூலளவு வேறு. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் புது வார்னிஷ் முழுக்கக் கீறிவிடும்.

செல்வி கண்ணை மூடி யோசித்தாள். ஒவ்வொரு பலகையையும் இரண்டு நாள் சுரண்டியவள் அவள். எதில் என்ன கறை இருந்தது என்பது கைக்குத் தெரியும்.

"சார், நீங்க எப்பவும் எப்டி ஒக்காருவீங்களோ அப்டியே ஒக்காந்து காட்டுங்க" என்றாள்.

அவர் இடப்பக்கம் மூலையில் உட்கார்ந்து சாய்ந்தார். தலை பட்ட உயரத்தை அவள் விரலால் அளந்துகொண்டு, தேங்காயெண்ணெய்க் கறை இருந்த பலகையை எடுத்து அங்கே வைத்தாள். சிக்கென்று உட்கார்ந்தது. மழைநீர் ஒழுகிக் கறுத்திருந்த இரண்டும் ஜன்னலுக்குக் கீழே போயின. கடிகாரம் மாட்டியிருந்த வட்டத் தடம் ஒன்றில் இருந்தது என்றதும், அதற்கு அரங்கநாதனே இடம் காட்டினார்.

"இன்னொருத்தர் ஒக்காருவாங்களே, உங்கள விடக் குள்ளமா. கரிசலாங்கண்ணி எண்ணெ வக்கிறவங்க. பச்சையா ஊறியிருந்திச்சி. அது போகறதுக்குள்ள எனக்கு பேஜாரா போச்சி."

அப்படி யாரும் இல்லையென்று அரங்கநாதன் அடித்துச் சொன்னார். தன்னைத் தவிர ஒரு ஜீவன் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை என்றார். டீ டம்ளர்களோடு ஏணியடியில் பிரபாவதி நின்றிருந்தார். எண்ணெய் மின்னும் அவருடைய கொண்டையைச் செல்வி அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிரபாவதி ஏறி வந்தார். ஒரு கையில் தட்டு. மறு கையால் எதையும் பிடிக்கவில்லை. பெயர்ந்திருந்த தரைப்பலகையைக் குனிந்து பாராமலே தாண்டினார். வலப்பக்கம் நடுவில் அமர்ந்து, காலை மடக்கிச் சாய்ந்துகொண்டார்.

"இங்கதாம்மா. அதக் கொண்ணாந்து வையி."

எப்போதிலிருந்து என்று அரங்கநாதன் மெதுவாகக் கேட்டார். அவர் மத்தியானம் நூலகத்துக்குப் போக ஆரம்பித்ததிலிருந்தாம். இரண்டு மணிக்கு வந்தால் நாலு மணி வரை தூங்கலாமாம். வீட்டுக்குள் இப்படிக் காற்று வராதாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்களும் வந்து ஒக்காந்துக்கினு கப்பல் கதய ஆரம்பிச்சிடுவீங்க."

அரங்கநாதனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு ரோஷம் வருமோ என்று பயந்திருந்த செல்விக்கு அப்பாடா என்றிருந்தது. கரிசலாங்கண்ணிப் பலகை சொன்ன இடத்தில் பொருந்தியது. கடைசிப் பலகைக்கு மிச்சமிருந்தது ஒரே இடம்.

அவள் திருகுகளை முடுக்கும்போது, புதுச்சேரியில் படகைத் தண்ணீரில் இறக்கும் நாளைப் பற்றி இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். புளிச்சோறு கட்டலாம் என்றார் பிரபாவதி. அலையில் வயிற்றைப் புரட்டும், ரொட்டி போதும் என்றார் அரங்கநாதன். செல்வியை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். தானும் வருவதாக இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"புளிச்சோறே கட்டுங்கம்மா" என்றாள்.