புத்தகத்தில் என்ன வைப்பது?

வியாழக்கிழமை மூன்றாம் பீரியட், அந்த வடநாட்டுத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு நூலக நேரம். மூன்று வாரம் புத்தகம் திரும்பி வராவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் வேறு புத்தகம் கிடையாது. அபூர்வாவுக்கு இது மூன்றாவது வாரம்.

ஹெலன் டீச்சருக்கு ஒன்றுதான் புரியவில்லை. அவள் எடுத்துப்போன யானைப் புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது.

“கொண்டு வந்திருக்கல்லா?”

“ஆமா மேம்.”

“அப்போ குடும்மா.”

“இன்னைக்கு வேணாம் மேம்.”

கிழிந்துவிட்டதோ என்று வாங்கிப் பார்த்தார். கிழியவில்லை. இந்திச் செய்தித்தாளில் யாரோ பாங்காக அட்டை போட்டிருந்தார்கள். படித்து முடிக்கவில்லையோ என்று கேட்டார். அபூர்வா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒப்பித்தாள். பிறகு டீச்சர் கையிலிருந்து மெதுவாகப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்காகவே காத்திருந்த ஜோபின் கத்தினான். “மேம், இவ சோர்!”

“நான் ஒண்ணும் திருடி இல்ல! என் ரப்பர நீதான் வச்சிருக்க!”

‘ஆண்டவரே, அந்தச் சொல் இந்தப் பிள்ளைமேல் ஒட்ட வேண்டாம்’ என்று ஹெலன் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். தன் பாடத்தில்தான் கோளாறோ? முதல் நாள் சொன்னது இவ்வளவுதான்: “பக்கத்து வீட்டுல இருந்து கிண்ணத்துல பாயசம் வருது. பாயசம் நமக்கு, கிண்ணம் அவங்களுக்கு. புத்தகமும் அந்தக் கிண்ணம் மாதிரிதான்.” எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அபூர்வா மற்றவர்களைவிடப் பலமாக ஆட்டினாள்.

ஹெலன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “ஏன் பிள்ள, கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்கணும்லா?”

“ஆனா காலியா குடுக்கக் கூடாதே மேம்! எங்கம்மா சக்கரையாவது போட்டுத்தான் குடுப்பாங்க. புது வீட்டுல இன்னும் கேஸ் வரல. அம்மா ஒண்ணும் செய்யல.” அவள் குரல் இறங்கியது. “சக்கரை போட்டா புக்குல எறும்பு வரும்ல? அப்ப என்னதான் மேம் வைக்கிறது?”

மூன்று வாரமாக இதைத்தான் யோசித்திருக்கிறாள்.

ஹெலன் பைக்குள் தெரிந்த புத்தக அட்டையைத் தொட்டார். காலியாகத் தரலாம் என்றால் அந்தத் தாய் சொன்னது பொய்யாகும். ஏதாவது வைக்க வேண்டும் என்றால் ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

“இந்த அட்டை யாரு போட்டது?”

“நானும் அப்பாவும்.”

“நான் தரும்போது இது இல்லையே. அப்போ காலியாவா வந்திருக்கு?”

அபூர்வா புத்தகத்தை வெளியே எடுத்து அட்டையைத் தடவிப் பார்த்தாள். “இது பேப்பர் மேம். சாப்பிட முடியாது.”

“மேம், அட்டை அச்சா இருக்கு,” என்று ஜோபின் கையை நீட்டினான். மறு கையில் ஒரு ரப்பர் இருந்தது. அபூர்வா ரப்பரை வாங்கிக்கொண்டு புத்தகத்தை அவனிடம் கொடுத்தாள். ஹெலன் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘வந்தது’ என்றும் ஜோபின் பெயருக்கு நேரே ‘போனது’ என்றும் எழுதி, அவளுக்கு மீன் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்.

அடுத்த வியாழன் பதினொரு புத்தகங்கள் திரும்பி வந்தன. ஒன்றில் வேப்பிலை இருந்தது, ஒன்றில் மெட்ரோ படம் வரைந்த தாள். ஜோபின் கொண்டுவந்த யானைப் புத்தகத்தில் அரை பிஸ்கட். இது சரியா, தவறா? ஹெலனுக்கு இப்போதும் தெரியவில்லை. பிஸ்கட்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே அணிலுக்கு வைத்தார். இலையை அப்படியே விட்டார்.

“மேம்,” என்றாள் அபூர்வா, மீன் புத்தகத்தைத் திறந்தபடி. “இதுக்கு ஏற்கெனவே அட்டை இருக்கே. இப்ப என்ன பண்றது?”