கனகலிங்கம் வீட்டுப் பொதுக் கோப்புறை

1

இந்தக் கதை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடும் ஒரு நீலக் கம்பியால் பிறந்தது. வருஷம் 1998, இடம் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ். முன்னறையில் என் கணினி, விண்டோஸ் 98. படுக்கையறையில் என் மனைவி குணபூசணியின் கணினி, பழைய 95. இரண்டையும் கம்பியால் இணைத்து, என் கணினியில் ‘பொது’ என்றொரு கோப்புறை வைத்திருக்கிறேன். இதை அதில்தான் எழுதுகிறேன். நான் சேமிக்கும்போதெல்லாம் அவள் அங்கிருந்து திறந்து படித்துவிடுகிறாள். மற்ற எழுத்தாளர்கள் கதையை முடித்த பிறகுதான் மனைவியிடம் திட்டு வாங்குவார்கள். எனக்கு வரிக்கு வரி கிடைக்கிறது.

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் கனகலிங்கம்—

(வேண்டாம். கோலாலம்பூரில் எந்த மாலையில் மழை பெய்யவில்லை?)

இரண்டாம் தொடக்கம்: அரசாங்க இலாகாவில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற கனகலிங்கம், வீட்டுக் கணினிகளை இணைத்த அன்று, ஆசிரியையான மனைவி புனிதவதிக்குப் ‘படிக்க மட்டும்’ அனுமதி கொடுத்தார். இலாகாவில் கோப்புகள் இரண்டு வகை: பார்வைக்கு, நடவடிக்கைக்கு. நடவடிக்கை எப்போதும் அவர் மேசையில்தான். கணினியிலிருந்த கடைச் சாமான் பட்டியலில் உப்பைச் சேர்க்கக்கூட புனிதவதி அவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். “கவனிக்கப்படும்” என்பார். அந்த வாரம் தேங்காய்ப்பால் சொதியில் உப்பில்லை. கனகலிங்கம் விசாரணை வைத்தார்.

3

படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

“அந்த மனுஷனுக்கு உங்க மூக்குக்கண்ணாடியையும் மாட்டி விட்டுடுங்க லா.”

“இது கற்பனை, குணம்.”

“கற்பனைதான். எனக்கும் இந்த போல்டர்ல ரீட் ஒன்லிதானே குடுத்து வச்சிருக்கீங்க.”

(அது பாதுகாப்புக்காக. எதிலிருந்து என்று கேட்காதீர்கள்.)

4

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டும். ஆகவே புனிதவதிக்குத் தூரத்து ஊரான தைப்பிங்கில் தலைமையாசிரியைப் பதவி வருகிறது. அவளுக்குப் போக ஆசை. கனகலிங்கம் “கவனிக்கப்படும்” என்கிறார்.

(குணபூசணிக்கும் இப்படியொரு பதவி வந்திருக்கிறது. ஆனால் அது ஈப்போவில். ஆகவே இது வேறு கதை.)

முடிவு அ: புனிதவதி குடும்பத்தை நினைத்துப் பதவியை மறுக்கிறாள். கனகலிங்கம் நெகிழ்ந்துபோய் முழு அனுமதி வழங்குகிறார்.

முடிவு ஆ: கனகலிங்கமும் அவளோடு தைப்பிங் போகிறார். (நம்பும்படி இல்லை.)

இதைச் சேமித்ததும் குணபூசணி முன்னறைக்கே வந்துவிட்டாள்.

“அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“யாரை?”

“புனிதவதியை. ரெண்டு முடிவுலயும் நீங்களும் அந்த மனுஷனும்தான் பேசி முடிக்கிறீங்க. முழு பர்மிஷன் குடுங்க, நானே எழுதுறேன்.”

“நீ சொல்லு, நான் டைப் பண்றேன்.”

அவள் முகத்தில் கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

“வேணாம். என் கம்ப்யூட்டர்லயே எழுதி வச்சுக்கிறேன்.”

5

எழுதியும் வைத்தாள். நெட்வொர்க்கில் அவள் கணினியைத் திறந்தால் ‘முடிவு’ என்று புதிதாக ஒரு கோப்புறை தெரிந்தது. திறக்கப் போனால் கடவுச்சொல் கேட்டது. அவளிடம் கேட்டிருக்கலாம். கதையின் ஆசிரியனே போய்த் தன் கதைக்குக் கடவுச்சொல் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போ போக லோரி வந்தது. அவளுடைய அலமாரி, புத்தகங்கள், கணினி எல்லாம் ஏறின. நான் கதவைப் பிடித்துக்கொண்டு லோரிக்காரருக்கு வழி சொன்னேன். இப்போது நெட்வொர்க்கைத் திறந்தால் ஒரே ஒரு கணினிதான் தெரிகிறது. அது என்னுடையது. அதில் எல்லா அனுமதியும் எனக்கு இருக்கிறது. அழுகையாக வருகிறது.

வாசகரே, முடிவு என்னிடம் இல்லை. ஈப்போப் பக்கம் போனால் குணபூசணி டீச்சரிடம் கேளுங்கள், புனிதவதி கடைசியில் என்ன சொன்னாள் என்று. நானே போன் போட்டுக் கேட்கலாம். நம்பர் இருக்கிறது. பேச்சை எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

குணம், நான்—