பிளக் இருக்கும் பக்கம்

ஐரோப்பிய வடகடல் ஓரத்துத் துறைமுகம் ஒன்றின் திட்டமிடல் அலுவலகத்தில் பிரபாலினி பொறியியலாளராக இருந்தாள். கரையில் கட்டி நிற்கும் கப்பல்கள் தங்கள் ஜெனரேட்டர்களை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய திட்டம். புகையாலும் இரைச்சலாலும் அவதிப்படும் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களுக்காகத் தொடங்கியது. விண்ணப்பம், நிராகரிப்பு, மறுபடியும் விண்ணப்பம் என்று வருடங்கள் போயின. மின்நிலையம் கட்டி முடிந்தபோது அவளுக்கு மகிழ்ச்சியைவிடக் களைப்பே அதிகமாக இருந்தது.

நவம்பர் மழையில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. கேபிளை நீட்டினார்கள். பொருத்த இடமில்லை. கப்பலின் இணைப்பு மறுபக்கம், தண்ணீரைப் பார்த்து இருந்தது.

அவள் கப்பலில் ஏறினாள். தலைமைப் பொறியாளர் எதிரே வந்தார். தூத்துக்குடிக்காரர், பாஸ்கரன். அவளுடைய அடையாள அட்டையில் பெயரைப் படித்தார்.

“தமிழா மேடம்? ஸ்ரீலங்காவா?”

“ஓம் அண்ணை, அம்மா அப்பா யாழ்ப்பாணம். கப்பலைத் திருப்பி நிப்பாட்ட ஏலாதோ?”

“கேப்டன்கிட்ட கேட்டுட்டேன். ஹார்பர் பைலட், இழுவைப் படகு எல்லாம் மறுபடி வரணும். கம்பெனி நோ சொல்லிடுச்சு.”

“எந்தப் பக்கம் பிளக் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே.”

“யாரும் கேக்கலையே மேடம்.”

கேட்டிருக்க வேண்டியது அவளுடைய அலுவலகம்தான். பாஸ்கரன் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“எனக்கும் நிறுத்தணும்னுதான் ஆசை. என் கேபினுக்குக் கீழதான் ஜெனரேட்டர். மாசக்கணக்கா நல்ல தூக்கம் இல்ல. ஹார்பர்லயாவது கொஞ்சம் அமைதி கிடைக்கும்னு பார்த்தேன்.”

கரையில் இருப்பவர்களின் தூக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் அவள். கப்பலுக்குள் ஆட்கள் படுக்கிறார்கள் என்று ஒரு வரிகூட எழுதியதில்லை.

அலுவலகத்தில் மேலாளர் பீலிக்ஸ், “வசந்த காலக் கூட்டத்தில் பேசுவோம்,” என்றார். அவள் சண்டை பிடிக்கவில்லை; அதற்குத் தெம்பில்லை. கப்பல்களுக்கு இடம் ஒதுக்குபவரிடம் தானே போனாள். கரையை நெருங்குமுன் அகன்ற நீர்ப்பரப்பில் திருப்பினால் அதிக நேரம் எடுக்காது என்று விளக்கினாள். அவர் முணுமுணுத்தார். பைலட்டுகளைக் கேள் என்றார். பைலட்டுகள் அவரைக் கேள் என்றார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் அந்த இரண்டு கதவுகளுக்கிடையில் நடந்தாள். கடைசியில், வரும் ஒவ்வொரு கப்பலிடமும் இணைப்பு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே கேட்கவும், தேவைப்பட்டால் அகன்ற இடத்திலேயே திருப்பவும் ஒப்புக்கொண்டார்கள்.

ஜனவரியில் அதே கப்பல் திரும்பி வந்தது. அகன்ற இடத்தில் மெல்லத் திரும்பி, சரியான பக்கத்தைக் கரைக்குக் கொடுத்து நின்றது. கேபிள் பொருந்தியது. சற்று நேரத்தில் ஜெனரேட்டர்கள் அடங்கின. கொள்கலன்களின் மேல் மழை விழும் சத்தம் கேட்டது.

வீட்டில் செய்த மரக்கறி ரோல்ஸுடன் அவள் ஏறிப் போனாள். படிக்கட்டில் நின்ற மாலுமி, தலைமைப் பொறியாளர் தூங்குகிறார், எழுப்பட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிப் பொதியை அவனிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

பீலிக்ஸ் தொலைபேசியில் அழைத்தார். இரண்டாவது இறங்குதுறையில் மின்னிணைப்பு அமைப்பதற்கு எதிராக அதே குடியிருப்பாளர்கள் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார்களாம், மதியம் அதைப் பற்றிக் கூட்டம். வருவதாகச் சொன்னாள். கேபிள் புறப்படும் கரை மின்பெட்டியின் சுவரில் சிறிது நேரம் சாய்ந்து நின்றாள். பிறகு குடையை விரித்துப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.