சம்பந்திக்கு ஒரு நல்ல கரை

வரப்போகிற சம்பந்திக்கு மீன் பிடிக்கும் பைத்தியம் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் எதிர்வீட்டு பஸ் டிரைவருக்குத் தூக்கம் போய்விட்டது. மகளுக்கு வரன் தானாகத் தேடி வந்ததில் மனிதருக்கு ஏகப்பட்ட பெருமை. பையனுக்குப் பெண்ணையும் பிடித்துவிட்டது. இனி பையனின் அப்பா சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர், கறார் பேர்வழி. மூத்தவன் தானாக ஒருத்தியைப் பார்த்துக்கொண்டதற்கு அவனோடு பேச்சையே நிறுத்தியவர். இந்தப் பேச்சு வந்தபோதும், “சின்னவனாவது நாங்க பார்த்து முடிக்கிற இடத்துல கட்டணும்” என்றுதான் ஆரம்பித்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகலாம், நல்ல இடமாக நானே பார்த்து வைக்கிறேன் என்று டிரைவர் வாயைக் கொடுத்துவிட்டார். தூண்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர், பஸ் நிறுத்த இடம் தேடுகிற மாதிரி தேடியிருக்கிறார். வண்டியைத் திருப்ப வசதி, சிமென்ட் படிக்கட்டு, நாலு எட்டில் டீக்கடை. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் கிடந்த சோடா மூடி வரைக்கும் தெரிந்தது, மீனைத் தவிர. டிரைவர் மனைவிக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அவள் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

கடிகாரக்காரர் பையனோடு வந்து, படியில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டார். வெயில் ஏறியது. ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை. டிரைவர், லேட்டான பஸ்ஸுக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி, இப்போது வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரில் எல்லா ஸ்டாப்பும் தெரிந்த மனுஷனுக்கு மீன் நிற்கிற ஸ்டாப் தெரியவில்லையே என்று அவர் மனைவி என் காதைக் கடித்தாள்.

டிரைவரின் பெண் தன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸை விட்டால் வீடு, வீட்டை விட்டால் ஆபீஸ் என்று அவள் அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கும் பெண்.

“இங்க வேணாம் அங்கிள்,” என்றாள். “அந்தக் கோரைப் பக்கம் போயிடலாம். காத்து அங்கதான் தள்ளுது, நுரையெல்லாம் ஒதுங்குது பாருங்க. பூச்சி சேர்ற இடத்துக்குத்தான் மீன் வரும். வெயிலைப் பார்த்து உக்காந்துக்கணும். நம்ம நிழல் தண்ணியில விழுந்தா அலாரம் அடிச்ச மாதிரி, எல்லாம் எழுந்து ஓடிடும்.”

பையன் மண்புழு டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

கடிகாரக் கடையில் பிறந்த பேச்சு அது. கடிகாரக்காரர் திரும்பினார். “அலாரம்னு யாரும்மா சொன்னது?”

“சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் சார், எதையும் கவனிச்சுப் பார்ப்பா,” என்றார் டிரைவர், பூரித்துப்போய்.

வாய் தவறி வந்ததா, அப்பாவின் மானம் போகக் கூடாதென்று தெரிந்தே சொன்னாளா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எனக்கே பிடிபடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கோரைப் பக்கம் போனோம். புல் அங்கே ஒரு இடத்தில் மட்டும் படிந்து கிடந்தது, சரியாக இரண்டு பேர் உட்கார. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். அதற்குப் பக்கத்தில், புல் நிமிர்ந்து நின்ற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது.

கொஞ்ச நேரத்தில் தூண்டில் கழி வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. டிரைவர், “சார், சார்,” என்றார். கடிகாரக்காரர் இழுக்கவில்லை. ஒரு கையால் கழியைப் பிடித்தபடி, கண்ணைச் சுருக்கி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கழி இன்னும் வளைந்துகொண்டே போனது.