பருத்தி வெளியேறிய சனிக்கிழமை

தூசி என்றால் எங்கள் ஊரில் கறுப்பாகத்தான் இருக்கும். ஆடிக் காற்று கரிசல் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து வாசலில் போட்டுவிட்டுப் போகும். கூட்டித் தள்ளினால் மறுபடியும் வரும். அதனால் கோவில்பட்டி டாக்டர், ஜெயகுமாரி மதினிக்குத் தூசி ஆகாது, தூசி படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மதினி படுக்கிற அறையின் ஜன்னலைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் பழைய சேலைத் துணியைத் திணித்துவிட்டார்கள்.

மதினி என் அண்ணன் எபநேசரைக் கட்டிக்கொண்டு தை மாதம் வந்தவள். அண்ணனுக்கு மணியாச்சி ரயில் ஸ்டேஷனில் வேலை. அங்கே நாலைந்து பேரோடு ஒரு அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவான். மதினி எங்களோடு இருந்தாள். வீட்டிலேயே நல்ல அறையைத்தான் அவளுக்குக் கொடுத்தோம். நல்ல அறை என்றால் பருத்தி கிடக்கிற அறை. வெடித்த பருத்தியைச் சித்திரையில் எடுத்து, யாவாரி நல்ல விலை சொல்கிற வரைக்கும் வீட்டுக்குள்ளேயே குவித்து வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். குவியல் உத்திரத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். அதற்குப் பக்கத்தில் மதினியின் கட்டில். அதில் எங்கள் பருத்தியையே அடைத்துத் தைத்த புதுத் தலையணை.

வைகாசியில் மதினிக்கு இளைப்பு வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகு ஏறி இறங்க உட்கார்ந்திருப்பாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். அம்மா ஓடி ஓடிப் பார்த்தாள். சாத்திய அறைக்குள் நொச்சி இலையைப் போட்டுப் புகை காட்டினாள். இளைப்பு கூடினால் புகையையும் கூட்டினாள். அப்புறம் அம்மாவின் பேச்சு மாறியது. மதினியின் பிறந்த வீட்டுக் கயத்தாற்றுக்காரர்கள் சீக்கை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று தொடங்கினாள். அப்பா ஆள் மூலம் சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகட்டும், நல்லாகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று. அப்படிப் போன பெண்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் உண்டு. யாரையும் யாரும் திரும்ப அழைக்கவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். வெளியாள் வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவேன். தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்தால் அம்மாவிடமும் பேச மாட்டேன். மதினி வந்த பிறகுதான் பசை காய்வது தெரியாமல் பேசப் பழகினேன். அவள் போய்விட்டால் எனக்கு மறுபடியும் வாய் இருக்காது.

வெள்ளிக்கிழமை மதினிக்கு மாத்திரை வாங்கக் கோவில்பட்டிக்குப் போனோம். துணைக்கு என்னை அனுப்பினார்கள். அம்மா சேலை முந்தியால் மதினியின் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். நாங்கள் ஏறிய பஸ்ஸுக்கு ஒரு பக்கம் ஷட்டரே இல்லை. வழியெல்லாம் கரிசல் காட்டுக் காற்று மண்ணை அள்ளி எங்கள் மேல் கொட்டியது. கொஞ்ச தூரத்தில் மதினி முந்தியை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏட்டி ராணி, ஒம் மூஞ்சியப் பாரு. அடுப்புக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்தவ மாரி இருக்க."

அவள் முகமும் அப்படித்தான் இருந்தது. போகிற வழியெல்லாம் கயத்தாற்றில் அவள் அப்பா வைத்திருக்கும் டீக்கடையைப் பற்றிப் பேசினாள். லாரிக்காரர்கள் ஒவ்வொருவரும் டீ கேட்கிற குரலைப் பேசிக் காட்டினாள். திரும்பி வரும்போது கடலைமிட்டாயை மென்றுகொண்டே பேசினாள். பஸ்ஸை விட்டிறங்கி ஓடை மேட்டில் ஏறும்போதும் பேசினாள். மேட்டின் பாதியில்தான் எனக்குச் சட்டென்று தோன்றியது. இவ்வளவு தூசியிலும் இவளுக்கு ஒரு பேச்சுகூட அறுந்து போகவில்லையே. நான் நின்றுவிட்டேன். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மதினி இருமத் தொடங்கினாள். கூரையில் ஓடு விலகின இடத்தில் வெயில் சரிவாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள் வெள்ளை வெள்ளையாக என்னவோ நீந்தியது. பொடிப் பொடியான பஞ்சு. தலையணையை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். வெயில் முழுவதும் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மதினி மூச்சுக்குத் தவித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

நான் அங்கேயே நின்றேன். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. தையில் வந்தவளுக்குச் சித்திரை வரைக்கும் ஒன்றுமில்லை. பருத்தி உள்ளே வந்த பிறகுதான் இளைப்பு. ஆனியில் ஒரு கல்யாணத்துக்காகக் கயத்தாற்றுக்குப் போய் ஒரு வாரம் இருந்தாள், நன்றாக இருந்தாள். திரும்பி வந்து படுத்த அன்றே மறுபடியும் வந்தது. தூசிக்குப் பயந்து ஜன்னலை அடைத்து, தூசியோடேயே அவளைப் பூட்டி வைத்திருக்கிறோம். தெருவில் இறங்கி ஓடிக் கத்த வேண்டும் போல இருந்தது. நான் கத்தி யாரும் கேட்டதில்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பருத்தியைப் போய்த் தூசி என்கிறாயே, வாயைக் கழுவு என்றாள். நாமெல்லாம் அதன் மேலேயே படுத்துப் புரண்டுதானே வளர்ந்தோம் என்று கேட்டாள். நமக்கு ஒன்றும் செய்யாதது மதினிக்கு ஆகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

சனிக்கிழமை அப்பா சந்தைக்குப் போனார். அம்மா ஒட்டின பெட்டிகளைப் போட்டுவிட்டு வரத் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் தொழுவுக்குப் போய் இரண்டு காளைகளையும் அவிழ்த்து வேம்படியில் கட்டினேன். தொழுவைக் கூட்டி, காய்ந்த வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் ஓலைப்பாய்களை விரித்தேன். பிறகு சாக்கு சாக்காகப் பருத்தியை அடைத்து இழுத்துக்கொண்டு போனேன். மதினி ஒத்தாசைக்கு வந்தாள். கிட்டே வர வேண்டாம், காளைகளுக்குத் துணையாக உட்காருங்கள் என்று விரட்டினேன். அவள் வேம்படியில் இருந்துகொண்டு, இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த கூட்டாளியைப் பார் என்று காளைகளிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தலையெல்லாம் பஞ்சு, கையெல்லாம் சிராய்ப்பு. ஆனாலும் கால் தரையில் நிற்கவில்லை.

பாதிக் குவியல் போயிருக்கும்போது அம்மா வந்துவிட்டாள். காளைகளைப் பார்த்தாள், தொழுவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒங்க அப்பா வந்தாவன்னா ஒன்னயத்தான் தொழுவுல கட்டப் போறாவ."

"கட்டட்டும்மா. மதினிய மட்டும் அனுப்பாண்டாம்."

நான் இவ்வளவு சத்தமாக அம்மாவிடம் பேசியதே இல்லை. அம்மா வேம்படியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே மதினி ஒரு காளையின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். காலையில் இருந்து மாத்திரை போட்டாளா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். அம்மா முந்தியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள்.

குவியல் கரைந்ததும் ஜன்னல் இடுக்கில் இருந்த துணியை உருவி எறிந்து இரண்டு கதவையும் திறந்தோம். உலர்ந்த விளக்குமாற்றை அம்மா எடுத்தாள். பஞ்சு கிளம்பும் என்று நான் அதை வாங்கி வைத்துவிட்டேன். ஈரத் துணியால் உத்திரம், சுவர், தரை எல்லாவற்றையும் துடைத்தோம். வாளித் தண்ணீர் கூழ் மாதிரி ஆயிற்று. தலையணைக்குப் பதில் துவைத்த சேலை ஒன்றை மடித்து வைத்தோம்.

சாயங்காலம் அப்பாவும் அண்ணனும் ஒன்றாக வந்தார்கள். அப்பா போட்ட சத்தம் கண்மாய்க் கரை வரைக்கும் கேட்டிருக்கும். யாவாரி பூவனலிங்கம் மாட்டுத் தொழுவில் கிடக்கிற பருத்திக்கு என்ன மதிப்பு வைப்பான் என்று கேட்டார். அண்ணன் தொழு வாசலில் கட்டிலைப் போட்டுக் காவலுக்குப் படுத்துக்கொள்கிறேன் என்றான். கடைசியில் அப்பா, இன்றைக்கு ராத்திரி இளைப்பு வந்தால் காலையில் பருத்தியும் உள்ளே வரும், பெண்ணும் கயத்தாற்றுக்குப் போகும் என்று முடித்துவிட்டார்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் தூங்கியது மதினி ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மதினியின் அப்பா சாமுவேல்ராஜ் மாமா வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது. அண்ணாச்சி உட்காருங்க என்று அப்பா சொன்னதற்கு, உட்கார வரவில்லை என்றார். அந்த நேரம் மதினி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு கொல்லைப்புறமிருந்து வந்தாள். மாமா குடத்தை வாங்கி இறக்கிவிட்டு, மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார். காற்று ஜன்னல் வழியாக உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது.

"மூச்சுல சத்தத்தையே காணுமே?" என்றார் மாமா.

"எல்லாம் எங்க வீட்டு மகராசி செஞ்ச வேல" என்று அப்பா என் பக்கம் கையை நீட்டினார். "மாட்ட வெளிய கட்டிட்டா, பருத்தியத் தொழுவுல போட்டுட்டா. நாளைக்கு என்னய எங்கன போடப் போறாளோ."

திட்டுகிற மாதிரி இருந்தாலும் அது திட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

மாமா இளகவில்லை. அவளுக்குச் சின்னப் பிள்ளையில் இது இருந்து நின்றுபோனது உண்மைதான், இனிமேல் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, பனிக்காலத்தில் ஒருநாள் வந்தால் மறுபடியும் ஆள் விட்டு அனுப்புவீர்களா என்று கேட்டார். அம்மாதான் முன்னால் வந்தாள்.

"வந்தா மாத்திரையக் குடுப்போம், எதனால வந்துச்சின்னு வீட்டுக்குள்ள தேடுவோம். பிள்ளைய அனுப்ப மாட்டோம்."

மாமா மகளைப் பார்த்தார். மதினி குடத்தை மறுபடியும் இடுப்பில் தூக்கிக்கொண்டு, "சாப்புட்டுட்டுப் போங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாமா டிரைவரைப் பார்த்துக் காரை நிழலில் போடச் சொன்னார்.

அம்மா கறி வைக்க விறகைத் திணித்தாள். புகை அடுக்களையை நிறைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தது. உள்ளேயிருந்து மதினியின் இருமல் ஒரு தடவை கேட்டது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓடி ஒளியத் தோன்றவில்லை. அடுப்பை வெளியே கொண்டு போய்விடலாம், கொல்லைச் சுவர் மறைவில் காற்று அணைக்காது என்று, வந்தவர்கள் முன்னாலேயே சொன்னேன். கொதிக்கிற சட்டியோடயா என்று அம்மா கேட்டாள்.

"அடுப்பு சமாச்சாரம் எங்கிட்ட விடுங்க" என்று சாமுவேல்ராஜ் மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அண்ணன் சட்டியைப் பிடித்தான். அப்பா கல் எடுத்து வரக் கொல்லைப்பக்கம் போனார். எந்த இடம் என்று மாமா கேட்க, நான் முன்னால் ஓடிப்போய்க் காலால் கோடு போட்டுக் காட்டினேன்.