பச்சைப் பாக்கெட்

அறிவியல் வரலாற்றை லியாவுக்கு முன், லியாவுக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்தவர் எங்கள் பேராசிரியர் லியாவ்தான். அணுக்கழிவு நீரை அவருடைய நீல நுண்தூள் நிரப்பிய குழாயில் விட்டால், சீசியத்தைத் தூள் பிடித்துக்கொள்ளும். கீழே சுத்தமான நீர் சொட்டும். வியாழக்கிழமை அணுமின் நிலையத்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். சொதப்பினால் எங்கள் ஆய்வகம் பேட்டரி ஆராய்ச்சிக்காரர்களுக்குப் போய்விடும்.

புதன் காலை, பம்புக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே செருகியிருந்த பச்சைப் பாக்கெட் பேராசிரியர் கண்ணில் பட்டது. ‘சமர்த்து’ என்று பெயர் போட்ட தேங்காய்ப் பொரி. இங்கே தைவானில் இதை வைக்காத இயந்திரம் அடம்பிடிக்கும் என்பார்கள். பச்சைதான் வைக்க வேண்டும். தேதி தாண்டியிருக்கக் கூடாது.

“யாரு வேலை இது?”

“நான்தான் சார்,” என்றார் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பாவ்சுன் அக்கா. “எடுக்காதீங்க, பம்பு ஆட ஆரம்பிச்சுரும்.”

“சாமியா ஆடும்? ஒரு பன்னியையும் படைச்சிருங்களேன்!”

கையைக் கழுவி, கதிர்வீச்சு அளக்கும் கருவியில் காட்டி, விதிப்படி தாழ்வாரத்துக்குப் போய் நின்று முழுப் பாக்கெட்டையும் தின்றார். எனக்கும் நாலு கொடுத்தார். மொறுமொறுவென்று இருந்தது.

மதியம் குழாயிலிருந்து நீல நீர் சொட்டியது. பிடித்த சீசியத்தையும் தூக்கிக்கொண்டு தூளே வெளியேறிக்கொண்டிருந்தது. பேராசிரியரின் முகமும் ஏறக்குறைய அதே நிறம்.

“கழண்டு வரவே வராதுன்னு மூணு மாநாட்டுல சொல்லிட்டேனே!”

“பம்பு ஆடுது சார், தூள் உதிருது. பாக்கெட்டுதான் ஆட்டத்தைத் தாங்கிட்டிருந்துச்சு.”

“இதை அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“சொன்னேனே. நீங்கதான் பன்னியைக் கேட்டீங்க.”

அவர் முகம் தெளிந்தது. “அப்ப இது மூடநம்பிக்கை இல்ல. வெறும் அதிர்வுத் தடுப்பு! பஞ்சு வெச்சாலும் போதும்.”

அக்கா தூளை மாற்றி, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை வெட்டிச் செருகினார். பம்பு அசையவில்லை. சாயங்காலம் வரை சொட்டிய நீரில் நீலமும் இல்லை, சீசியமும் இல்லை. “பாத்தீங்களா, அறிவியல்!” என்று அறிவித்துவிட்டுப் பேராசிரியர் வீட்டுக்குப் போனார்.

வியாழன் காலை, அதிகாரிகளுக்கான மேலங்கிகளை எடுத்துக்கொண்டு நான் நுழைந்தபோது, பேராசிரியர் எனக்கு முதுகு காட்டிப் பம்பின் முன் குனிந்திருந்தார். கையில் புதுப் பாக்கெட். பச்சை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தேதியைப் படித்தார். பஞ்சுக்கு மேலே அதை நிறுத்தி, பெயர் பம்பைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பி வைத்தார்.