ஞானத்தகப்பனின் பெயர்

வள்ளம் வாங்க நாரந்தனை மீனவர்கள் சேர்த்து வைத்திருந்த பணத்தோடு சங்கப் பொருளாளர் சூசைப்பிள்ளை இந்தியாவுக்கு ஓடி மூன்று வருடமாகியிருந்தது. அவன் நாகப்பட்டினத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே அவன் பெயரில் எந்தச் சொத்தும் இல்லையென்று தேடியவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

சங்கத்தின் காரியதரிசி மாக்கிறேற் மட்டும் விடவில்லை. 1973இல் இராமேஸ்வரக் கப்பலேறித் தானே போனாள். நாகப்பட்டினத் துறைமுகத்தில் சூசைப்பிள்ளை ஒரு புது விசைப்படகில் நின்று ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தான். படகு அந்தோனிராஜ் என்பவரின் பெயரில் இருந்தது. அவர் யாரென்று மாக்கிறேற் கேட்டாள்.

"அந்தாளை எனக்கு அவ்வளவாத் தெரியாது அக்கா. நான் கூலிக்குத்தான் நிக்கிறன்" என்றான், அவள் முகத்தைப் பாராமல்.

அவனுக்கு அங்கே பிள்ளை பிறந்த செய்தி ஊருக்கு எட்டியிருந்தது. மாக்கிறேற் நேரே அங்குள்ள மாதா கோயிலுக்குப் போனாள். சுவாமியார் ஞானஸ்நானப் பதிவைத் திறந்தார். தகப்பன் சூசைப்பிள்ளை; ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்ற ஞானத்தகப்பன் அந்தோனிராஜ்.

"பிள்ளையோட தாய்மாமன்தாம்மா அவர்" என்றார் சுவாமியார்.

"இதை எழுதித் தருவியளோ, சுவாமி?"

"இருக்கிறதைத்தானே கேக்கிறீங்க. தர்றேன்."

மாக்கிறேற் அங்கேயே வழக்குப் போட்டாள். நீதிமன்றத்தில் சுவாமியாரின் கடிதத்தைக் கண்டதும் அந்தோனிராஜ் தடுமாறி, படகு சூசைப்பிள்ளை கொண்டுவந்த சங்கப் பணத்தில் வாங்கியதென்று ஒப்புக்கொண்டான். படகை விற்ற காசு, இரண்டு நாட்டு அனுமதியும் பெற்று ஊர்வந்து சேர ஒன்றரை வருடம் எடுத்தது. முழுவதும் வரவில்லை. ஒரு வள்ளத்துக்குப் போதுமாயிருந்தது.

"இனி ஆரை நம்பிக் காசைக் குடுக்கிறது?" என்று கேட்டார் கிழவர் அம்புறோஸ்.

"ஒராளிட்டைக் குடுக்க ஏலாது அண்ணை. மூண்டு பேர் கையெழுத்து வைச்சால்தான் வங்கி தரும்" என்றாள் மாக்கிறேற்.

எல்லாரும் ஓம் என்றார்கள். அடுத்த கிழமையே மண்கும்பானுக்கு வள்ளம் பார்க்கப் போனார்கள்.